ஓய்வுநாள் யாருக்கு?

அந்நிய தேசத்தில் தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர் தம் வேலைத் திட்டத்தை வெகு கவனமாய் வகுக்கின்றனர். சுவர் எழுப்புவதற்கு இத்தனை நாள், பாடம் கற்பிப்பதற்கு இத்தனை நாள் என்று கணக்கிட்டு, வாரத்தில் ஒருநாளை ஓய்வுக்கென்று ஒதுக்குகின்றனர். அந்நாளை எங்ஙனம் கழிப்பது என்பதையோ பெரும்பாலும் ஆலோசிப்பதில்லை. அதுவும் ஆராயத்தக்க விஷயமேயாதலின், ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

முதலாவது, கட்டளையின் காரணம். ஓய்வுநாட் கட்டளை திருமறையில் இரண்டு முறை விரிவாய்க் கூறப்பட்டுள்ளது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாய்க் காட்டுகின்றது. உபாகமம் 5-ஆம் அதிகாரமோ, இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்து மீட்கப்பட்டதை நினைப்பூட்டுகின்றது. முன்னதனால் ஓய்வு ஆராதனையாகின்றது. பின்னதனால் அது நீதியுமாகின்றது. ஆதலாலன்றோ வேலைக்காரனும் வேலைக்காரியும், எருதும் கழுதையும், வாசலுக்குள் தங்கிய அந்நியனும் அக்கட்டளையில் இடம்பெற்றனர்!

இரண்டாவது, ஆண்டவரின் முன்மாதிரி. ஊழியஞ்செய்து திரும்பிய அப்போஸ்தலருக்கு உண்ணவும் அவகாசமில்லாதிருக்கக் கண்டு, தனியிடத்திற்கு வந்து இளைப்பாறும்படி அவர் அழைத்ததை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எனவே களைத்த தொண்டன் ஓய்வது சோம்பலன்று, அது கீழ்ப்படிதலேயாம். ஆயினும் படகு கரைசேருமுன்னே ஜனங்கள் அங்கே கூடிவிட்டனர். அவர் முகஞ்சுளியாது, மனதுருகி, அவர்களுக்குப் போதித்தார். ஓய்வு வேண்டற்பாலது, ஆனால் இரக்கத்திற்கு அது தடையாகலாகாது.

இவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவது எரிக் லிடெல் என்பாரின் வாழ்க்கை. மிஷனெரிப் பெற்றோருக்குச் சீனாவின் தியென்ட்ஸின் நகரில் 1902-இல் பிறந்த இந்த ஸ்காத்லாந்துக்காரர், 1924-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமையில் ஓட வேண்டியிருந்தமையால் 100 மீட்டர் பந்தயத்தையே துறந்தார். பின்பு 400 மீட்டர் பந்தயத்தில் 47.6 விநாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். மறுவருஷமே சீனா சென்று, தியென்ட்ஸினிலிருந்த மிஷன் கலாசாலையில் ஆசிரியரானார்.

1943-இல் ஜப்பானியர் அவரை ஷாந்துங் மாகாணத்து வெய்ஷியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப்பிள்ளைகள் பலர் அங்கிருந்தனர். அவர்களுடைய விளையாட்டுகளைப் பொறுப்பேற்று நடத்திய லிடெல், ஞாயிறன்று மட்டும் ஆட்டமில்லை என்றிருந்தார். ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாமே ஹாக்கி ஆடப்போக, அது கைகலப்பாய் முடிந்தது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமையில் அவரே மைதானத்திற்கு வந்து நடுவராய் நின்றார். 1945 பிப்ரவரி 21-இல், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்னர், மூளைக்கட்டியினால் அம்முகாமிலேயே உயிர்நீத்தார்.

தமக்குக் கிடைக்கவிருந்த புகழுக்காக ஓய்வுநாளை விட்டுக்கொடாதவர், பிறர் பிள்ளைகளின் நன்மைக்காகத் தம் நியமத்தைத் தளர்த்தினார். இதனை முரண்பாடென்போர் அவருடைய உள்ளத்தை அறியார். முன்னது தேவனுக்கு அளித்த காணிக்கை. பின்னது சிறுவருக்கு அளித்த காணிக்கை. இரண்டிலும் அவர் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

இனி, நாம் அறியவேண்டுவது யாது? வெளிதேசத்தில் தொண்டன்தானே வாசலுக்குள் வந்த அந்நியன். அவனுக்கு ஓய்வளிக்க அவ்வூர்ச் சமையற்காரி விடியுமுன் அடுப்பு மூட்டவும், படகோட்டி நாள்முழுதும் துடுப்புத் தள்ளவும் நேர்ந்தால், அவன் இளைப்பாறினான், கட்டளையோ மீறப்பட்டது. அந்நாளில் தன் உணவைத் தானே சமைத்து, ஊராரோடு ஆராதனையில் அமர்ந்து, அவர்கள் பேசுவதைப் பொறுமையாய்க் கேட்பானாயின், ஆறு நாள் உழைப்பால் கிட்டாத நட்பு அந்த ஒரு நாளில் கிட்டும். கொடுப்பவனாகவே சென்றவன் அன்று பெறுபவனாகின்றான். அத்தாழ்மையே தொண்டின் வேர்.

ஆகவே, ஓய்வுநாளைக் குறிக்கும்போது, யார் ஓய்வார் என்னும் கேள்வியையும் நம் மாணவர் உடன் குறித்துக்கொள்வாராக.