தறி நிற்கும் நேரம்

ராசிபுரம்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் மூத்தார் பையனுக்கு நடந்த ஆபரேஷன், ஐ.சி.யூ., மூச்சுக்குழாய் எடுத்தது, வார்டுக்கு மாற்றியது எல்லாம் விவரமாக இருக்கிறது. "வண்டியை ஓட்டினது இவர்தான் பெரியம்மா" என்ற ஒரு வரி மட்டும் கடைசிப் பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உன் மூத்தார் உன் வீட்டுக்காரரோடு பேசுவதில்லை. ஓரகத்தி உன் கையால் டீகூட வாங்குவதில்லை. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்கிறாய். இப்போது வேண்டாம் சாமி. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மாதமாக சேலம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றாதே.

இதைச் சொல்ல எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. 2009இல் ஆண்டகளூர் கேட் பக்கம் உன் அண்ணன் மொபட்டிலிருந்து விழுந்தானே, அந்த மொபட்டை ஓட்டியது நான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, முன்னால் நின்றுகொண்டு வந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. நீங்களெல்லாம் பிள்ளைகள் என்று இதை உங்களிடம் சொல்லாமல் விட்டோம். உன் பெரியப்பா ஒரு வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது. அன்றைக்கு ஓர் இடத்தில் முன்பணம் கட்டிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். உங்களுக்கு அந்த ஓட்டம் இல்லாமல் போனது. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அந்தக் காகிதங்களை யார் கையில் வைத்திருக்கிறார்கள்? உன் வீட்டுக்காரரிடம் கொடு. வரிசையில் நிற்பது, கையெழுத்து வாங்குவது, ஜெராக்ஸ் எடுப்பது அவர் வேலையாக இருக்கட்டும். குற்ற உணர்ச்சி உள்ளவருக்கு வேலை கொடுத்தால்தான் மனுஷனாக நடமாடுவார்.

டாக்டர் "ஆறு மார்க்" என்றார், பதினைந்துக்கு ஆறா என்று பதறியிருந்தாய். அது 1974இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இரண்டு பேர் கொண்டுவந்த அளவுகோல். கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, சொன்னபடி கை கால் அசைகிறதா என்று பார்த்துப் போடுவது. மூன்றுக்குக் கீழே அதில் கிடையாது. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான அடி. அது அன்றைய நிலையைச் சொல்லும் எண். பத்து வருஷம் கழித்து பையன் எப்படி இருப்பான் என்பதை அதை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்கள் என்று உன் மாமியார் அழுததாக எழுதியிருக்கிறாய். அவரிடம் இப்படிச் சொல்: வீங்கிய மூளைக்கு எலும்புப் பெட்டிக்குள் இடம் போதாது, நெருக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும், அதனால் கூரையைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள். எலும்பு கெட்டுப்போகாமல் இருக்கத்தான் உடம்புக்குள்ளேயே பத்திரமாக வைப்பது. வீக்கம் அடங்கியதும் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் இடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் "மூளைச்சாவாமா?" என்று கேட்காமல் போக மாட்டார். 2008இல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள்; அந்த வார்த்தை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். அதன் அர்த்தம் போய்ச் சேரவில்லை. மூளைச்சாவு என்றால் திரும்பி வருவது கிடையாது. நினைவில்லாமல் கிடப்பது வேறு. அப்படிக் கேட்கிறவர்களை ஓரகத்தி காதில் விழாத தூரத்தில் நிறுத்திப் பேசி அனுப்பு. வாசலில் நின்று இதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ இரு.

பையன் கண் திறந்துவிட்டான், ஆனால் அம்மாவைக் கடிக்கிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான் என்றாய். சினிமாவில்தான் கண்ணைத் திறந்ததும் "அம்மா" என்பார்கள். நிஜத்தில் கண்ணுக்கும் நினைவுக்கும் நடுவே வாரக்கணக்கில் ஒரு மூட்டம் இருக்கும். காலையில் நடந்தது மதியம் பதியாது. பயமும் கோபமுமாகக் கையை ஓங்குவான், டியூபைப் பிடுங்குவான். அடக்கிவைக்கிற முன்மூளை அடிபட்டிருக்கிறது. அவன் குணம் கெட்டுவிடவில்லை. பத்துப் பேர் சுற்றி நின்று "நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைத்தால் இன்னும் மூர்க்கமாவான். ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு குரல், மெதுவாக. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறான் என்பதை நீயே சொல்லிவிடு, கேட்காதே.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. "ஒரு வாய் இளநீர்தானே" என்று யாரும் ஊட்டக்கூடாது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் சொன்ன பிறகுதான் வாய் வழியாக. இன்னொன்று வலிப்பு. வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க உன் மாமனார் ஓடி வருவார்; வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் விடாதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. மாத்திரையை யார் சொன்னாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார்களாம், சாத்தட்டும். நான் கபிலர்மலைக்கு நடந்தே போனவள். மாத்திரையும் போடட்டும், மாலையும் சாத்தட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. இப்போது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து குவியும். டிஸ்சார்ஜ் ஆகி, பையன் நாலு எட்டு நடந்தான் என்று தெரிந்த அன்றைக்கு எல்லாரும் கலைந்துவிடுவார்கள். முடி வளர்ந்து தையல் மறைந்ததும் "சரியாயிட்டான்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். உன் ஓரகத்திக்கு நிஜமான தனிமை அப்போதுதான் தொடங்கும். பத்து நிமிஷத்தில் களைத்துப்போகிறான், சொன்னதை மறக்கிறான், காரணமில்லாமல் அழுகிறான் என்று அவள் சொன்னால் "நீ செல்லம் கொடுக்கிறே" என்பார்கள். "நானும் பார்த்தேன், நிஜம்தான்" என்று சபையில் சொல்ல அவளுக்கு ஒருத்தி வேண்டும். எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை.

வெண்ணந்தூரில் உங்கள் வீட்டை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஒரே கூரைக்குக் கீழே பாதி வீடு, பாதி தறி. நமக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை, பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அடிபட்ட மூளைக்கு அது சம்மட்டி. எந்தச் சத்தத்தை ஒதுக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கவே அதற்குத் தெம்பு இருக்காது. தூக்கத்தில்தான் அது தேறும். ஆகவே பையன் வீட்டுக்கு வந்த நாள் முதல் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை உங்கள் பங்குத் தறிகளை நிறுத்தச் சொல். கூலி குறையும், பாவு முடிய நாளாகும், தெரியும். உன் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல், எதையும் கேட்காமல், தினமும் ஒரு மணிக்கு மோட்டாரை அணைக்கட்டும்.

பயிற்சிக்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருப்பார், அவரையும் பார். முடிந்தால் ஒரு தடவை வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு வித்திட்ட மேரி வர்கீஸ் அம்மா 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். நியூயார்க் போய்ப் படித்துவிட்டு வந்தார். அந்த மையம் 1966இல் திறந்தது. அங்கே எனக்கும்தான் பாடம் நடந்தது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடக் கூடாது, இருபது நிமிஷம் ஆனாலும் அவனே போடட்டும் என்று என்னை உட்காரவைத்தார்கள். பத்து வயதுப் பையன் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைவிடக் கொடுமை எனக்குத் தெரிந்து இல்லை.

"சின்னப் பிள்ளை, மூளை சீக்கிரம் தேறிக்கும்" என்பது பாதிதான் உண்மை. கற்றது திரும்ப வரும். இன்னும் கற்காததைக் கற்கும்போதுதான் அடி எங்கே பட்டது என்று தெரியும். உன் அண்ணன் ஐந்தாம் வகுப்பு வரை சமாளித்தான். எட்டாவதில் அல்ஜீப்ராவும் வீட்டுப்பாடமும் சேர்ந்துகொண்டபோதுதான் வாத்தியார் ஒருவர் "சோம்பேறி" என்றார். விபத்து நடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வை. ஆண்டுதோறும் வகுப்பு ஆசிரியரிடம் காட்டு. குறைபாடு நிலைத்துவிட்டால் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை எடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று நான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையது.

அண்ணன் இப்போது ஜவ்வரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிறான். சட்டைப் பையில் சின்ன நோட்டு. அதில் எழுதாதது அவனுக்கு நடக்கவே இல்லை. கல்யாண மண்டபத்தில் அரை மணிக்கு மேல் இருக்க மாட்டான். விழுவதற்கு முன்னால் இருந்த பையன் திரும்பி வரவில்லை. அவனை எண்ணி எப்போதாவது அழுவேன், இவனுக்குத் தெரியாமல்.

பையனின் அக்காவைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ஏழாவது படிக்கிறாள் அல்லவா? ஒரு மாதமாக யார் தலை பின்னிவிடுகிறார்கள்? சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், அவளை இரண்டு நாள் என்னோடு கூட்டிப்போகிறேன். பாடப்புத்தகத்தோடு தயாராக இருக்கச் சொல். ஓரகத்திக்கு டீ கொடுப்பதை நிறுத்தாதே. வைத்துவிட்டு வந்துவிடு, குடித்தாளா என்று திரும்பிப் பார்க்காதே.

அன்புடன்,
பெரியம்மா