பெண்டு எடுக்கத் தெரிந்தவர் கார்பன் சக்கரமும் கட்டலாம்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் சைக்கிள் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, பெண்டு எடுப்பது எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும். அடுத்து எதைக் கற்பது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: கார்பன் ரிம்மில் சக்கரம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு விடியற்காலையில் ஹெப்பாள் தாண்டி நந்தி மலைக்குப் போகிற கூட்டத்தைப் பாருங்கள். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்துக்குக் கிளம்புகிறவர்களின் சைக்கிள்களைப் பாருங்கள். கார்பன் ரிம் விற்க ஆள் உண்டு, இணையத்தில் வரவழைக்கவும் வழி உண்டு. ஓட்டுகிறவருக்கு ஏற்றதைத் தேர்ந்து, அளந்து கட்டி, "இது என் கை வேலை" என்று பொறுப்பேற்கிற ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

கட்டுவதற்கு முன்னால் தேர்வு. வாடிக்கையாளர் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்.

"அண்ணா, அறுபது எம்எம் ரிம் போட்டுக் குடுங்க. பாக்கவே சூப்பரா இருக்கும்."

"போடலாம் சார். உங்க வெயிட் எவ்வளவு? எந்த ரோட்ல அதிகம் ஓட்டுவீங்க? டயர் என்ன சைஸ்?"

இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள். ரிம் ஆழமாக ஆக, நேர்க்காற்றைக் கிழிப்பது எளிது. பக்கக்காற்று வந்தால் முன்சக்கரத்தைத் தள்ளும். தேவனஹள்ளிக்குப் போகிற பெல்லாரி சாலை வடக்கு நோக்கி ஓடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெங்களூரில் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். அதாவது போகும்போதும் திரும்பும்போதும் விலாவில் காற்று, பக்கத்தில் லாரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே 60 மி.மீ. ரிம்மோடு போவதை நான் ஆதரிக்க மாட்டேன். முன்னால் 35 அல்லது 40, பின்னால் 50 என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும்.

எடையைப் பற்றி வாடிக்கையாளரின் மனதில் ஒரு பெரிய கற்பனை இருக்கும். சுற்றுகிற எடை இரண்டு மடங்கு என்று எங்கோ கேட்டிருப்பார். வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான் அது உண்மை. ஒரே வேகத்தில் மலை ஏறும்போது சக்கரத்தின் எடையும் தண்ணீர் பாட்டிலின் எடையும் ஒன்றுதான். கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. புதுச் சக்கரத்தால் 300 கிராம் குறைகிறது. அது மொத்த எடையில் நானூறில் ஒன்றரை பங்கு. 1,478 மீட்டர் உயரத்திலுள்ள நந்தி உச்சிக்கு அரை மணியில் ஏறுகிறவருக்கு இதனால் மிச்சமாவது ஆறு விநாடி அளவுதான். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குக் காற்றுத்தடையில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. இதைக் கேட்ட பிறகும் அவர் கார்பன் வாங்கலாம், தெரிந்து வாங்குவார். வாங்காமல் போனாலும் அடுத்த வேலைக்கு உங்களிடம்தான் வருவார்.

அடுத்து பிரேக். ரிம்மையே பிடிக்கும் பழைய வகை பிரேக் உள்ள சைக்கிளுக்குக் கார்பன் கேட்டால் மலை இறக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விடாமல் பிரேக் பிடித்தால் ரிம் சூடாகும். அலுமினியம் அந்தச் சூட்டைப் பரப்பி வெளியே விட்டுவிடும், கார்பன் விடாது. இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ரிம்மின் விளிம்பை வெளியே தள்ளும். அப்படிப்பட்ட இறக்கங்களில் ஓட்டுகிறவருக்கு நல்ல அலுமினிய ரிம்மே போதும் என்று நேரே சொல்லிவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் இந்தக் கவலை இல்லை.

கொக்கி இல்லாத விளிம்புள்ள ரிம்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்குப் பன்னாட்டுத் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 5 பார், சுமார் 72 பிஎஸ்ஐ. அதோடு அந்த ரிம்முக்கு ஏற்றது என்று டயர் நிறுவனமே சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் நூறு பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர்கள் அநேகம். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனுக்கு இது தெரியாது. சந்தேகமுள்ள வாடிக்கையாளருக்குக் கொக்கி உள்ள ரிம்மையே கொடுங்கள், 28 அல்லது 30 மி.மீ. டயரைப் போடச் சொல்லுங்கள். பெங்களூர்ப் பள்ளங்களிலிருந்து கார்பன் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த டயரின் பருமன்தான்.

கம்பி எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு 24 போதும். தொண்ணூறைத் தொட்டால் பின்சக்கரத்துக்கு 28.

இனி வேலைக்கு வருவோம். சக்கரம் எப்படி எடை தாங்குகிறது என்பது தெரியாமல் கட்டினால் கை போன போக்கில்தான் போகும். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தரையைத் தொடும் இடத்தில் உள்ள கம்பிகள் சுமையால் இழுவிசையை இழக்கின்றன, மேலே வரும்போது திரும்பப் பெறுகின்றன என்று கணக்கோடு காட்டியிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தளர்வும் இறுக்கமும் நடக்கிறது. கம்பி அறுவது இந்தச் சோர்வினால்தான். ஒரே ஒரு பள்ளத்தில் விழுந்து அறுவது அபூர்வம். எனவே எல்லாக் கம்பியும் போதிய இறுக்கத்தில், ஒரே சீராக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ரிம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். கம்பிகளின் முனைகள் வந்து நிற்கும் விட்டம்தான் நமக்கு வேண்டியது. நீளம் தெரிந்த இரண்டு கம்பிகளில் நிப்பிள் மாட்டி, எதிரெதிர் துளைகளில் விட்டு, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து கூட்டுங்கள். ரிம்மைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். இந்த விட்டத்தில் 4 மி.மீ. பிழை வந்தால் கம்பி நீளத்தில் 2 மி.மீ. பிழை வரும். அதற்குள் மரை தீர்ந்துவிடும்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ரிம் விட்டம் 560, அதில் பாதி 280. ஹப் விளிம்பில் துளை வட்டத்தின் ஆரம் 22.5. ஹப்பின் நடுவிலிருந்து இடப்பக்க விளிம்புக்கு 33 மி.மீ. மொத்தம் 24 கம்பி, இரண்டு குறுக்கு. ஒரு பக்கத்துக்கு 12 கம்பி என்பதால் கோணம் 60 டிகிரி, அதன் கொசைன் 0.5. மூன்று எண்களின் வர்க்கத்தையும் கூட்டி, 2 × 280 × 22.5 × 0.5 ஆகிய 6,300-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 271.5. ஹப் துளையின் விட்டத்தில் பாதியைக் கழித்தால் சுமார் 270 மி.மீ. செயின் பக்கத்தில் 33-க்குப் பதில் 18 போட்டால் சுமார் 269. டிடி சுவிஸ் போன்ற நிறுவனங்களின் இலவசக் கணிப்பான் இதை நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் கையால் போடத் தெரிந்தவருக்குத்தான் கணிப்பானில் தவறான எண் விழுந்ததும் உறுத்தும்.

அந்த 18-உம் 33-உம் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு பக்க இழுவிசையும் இந்தத் தூரங்களுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். செயின் பக்கம் 120 கிலோ இழுத்தால் எதிர்ப்பக்கத்துக்கு 65 கிலோதான் கிடைக்கும். முதலில் தளர்வதும் சோர்ந்து அறுவதும் அந்தப் பக்கம்தான். கம்பித் துளைகள் நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மி.மீ. விலகிய ரிம்மைத் தேர்ந்தெடுத்தால் 18, 20.5 ஆகிறது, 33, 30.5 ஆகிறது. எதிர்ப்பக்க இழுவிசை 80 கிலோவுக்கு ஏறிவிடும். சில கிராம் குறைவான ரிம்முக்கு ஆசைப்படுகிறவரிடம் இந்த விலகல் துளை ரிம்மைப் பற்றிச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் ஆயுளுக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியாது. மாட்டும்போது விலகல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை இரண்டு முறை பாருங்கள். திருப்பி மாட்டினால் நிலைமை முன்பைவிட மோசம்.

நிப்பிள் பித்தளையாகவே இருக்கட்டும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் வியர்வையோ மழைநீரோ சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பித்தளையால் கூடும் எடை மிகக் குறைவு.

இறுக்கும்போதுதான் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும். அலுமினிய ரிம் வளைந்து கொடுக்கும். ஒரு நிப்பிளைத் திருகினால் அந்த இடம் நகர்ந்து வரும். கார்பன் விறைப்பானது. கால் சுற்று திருகினால் ரிம் அசைந்ததே தெரியாது, ஆனால் கம்பியின் இறுக்கம் எகிறியிருக்கும். ஸ்டாண்டில் பெண்டைப் பார்த்துக்கொண்டே திருகினால் ரிம் நேராகிவிடும். ஆனால் இழுவிசை ஒரு கம்பியில் நூறு, அடுத்ததில் நூற்றைம்பது என்று நிற்கும். ஆகவே இங்கே முதலில் டென்ஷன் மீட்டர், பிறகுதான் கண். நிப்பிள் ஒரு முழுச் சுற்றுக்கு 0.45 மி.மீ. நகரும் என்பதை நினைவில் வைத்து, மரை மறையும் வரை எல்லாவற்றையும் ஒரே அளவு ஏற்றுங்கள். பிறகு அரைச் சுற்று, கால் சுற்று. ஒரு பக்கத்துக் கம்பிகளுக்குள் பத்து சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள். மேல்வரம்பு ரிம் நிறுவனம் சொல்வது எதுவோ அதுதான். பல ரிம்களுக்கு அது 120 முதல் 130 கிலோ. அதைத் தாண்டினால் துளையைச் சுற்றி இழை பிளக்கும். வீணைக் கம்பியை மீட்டுவது போலப் ஒரே பக்கத்துக் கம்பிகளை அடுத்தடுத்துத் தட்டிக் கேட்டால் மீட்டர் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும்.

தட்டைக் கம்பி என்றால் முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பானால் பற்றிக்கொண்டு திருகுங்கள். இறுதியில் இணையான கம்பிகளைக் கையால் ஜோடி ஜோடியாக அழுத்தி, வளைவுகள் ஹப்பில் அமர விடுங்கள். மீண்டும் அளந்தால் எண்கள் சற்று மாறியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகே வேலை முடிந்தது. டேப் ஒட்டி, டியூப்லெஸ் டயர் ஏற்றிக் காற்றடித்ததும் இழுவிசை கொஞ்சம் குறையும். அது இயல்பு. குறைந்ததே என்று உடனே ஏற்றாதீர்கள்.

வந்த ரிம்மே கோணலாக இருந்தால் கம்பியால் அதைத் திருத்த முடியாது. திருப்பி அனுப்புங்கள். அனுப்புவதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? கம்பி கோர்ப்பதற்கு முன்பே ரிம்மைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்து, இடைவெளியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் கண்ட ரிம்மைப் பசை போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். முடியாது என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை. துளை போடுவதோ ராவுவதோ வந்தால் முகமூடி இல்லாமல் செய்யாதீர்கள்; கார்பன் தூசு மூச்சில் போகக் கூடாதது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சக்கரத்துக்கு ஒரு பக்கம்: ஓட்டுபவரின் எடை, ரிம்மின் வரிசை எண், ஹப், கம்பி நீளம், ஒவ்வொரு கம்பியின் இழுவிசை, தேதி, உங்கள் கையெழுத்து. அதன் படத்தை வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அதை நண்பர்களுக்குக் காட்டுவார். ஆறு மாதம் கழித்துச் சக்கரம் திரும்ப வந்தால் எது தளர்ந்தது என்று பழைய எண்ணோடு ஒப்பிடலாம். பில்லில் பொருளுக்கு ஒரு வரி, கட்டும் கூலிக்கு ஒரு வரி எனப் பிரித்துப் போடுங்கள். கூலியை ரிம் விலைக்குள் மறைத்தால் உங்கள் திறமைக்கு என்றைக்கும் தனி மதிப்பு வராது. முதலாளி தயங்கினால், சக்கரம் திரும்பி வராத மாதங்களை அந்த நோட்டிலேயே காட்டிக் கேளுங்கள்.

கற்கத் தொடங்க ஒரு பழைய அலுமினியச் சக்கரம், ஸ்டாண்ட், நடு பார்க்கும் அளவி, டென்ஷன் மீட்டர் போதும். அதே சக்கரத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டுங்கள், எண்கள் சீராக வரும் வரை. அதுவரை கார்பனைத் தொடாதீர்கள்.

கார்பனையே தொழிலாக்க விருப்பம் வந்துவிட்டால் இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் குறைவு. பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகம் தேஜஸ் போர் விமானத்தின் கார்பன் பாகங்களை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தது. 2001 ஜனவரி 4-இல் இதே ஊரில் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய 45 சதவிகிதம் கார்பன் போன்ற கூட்டுப்பொருள் (காம்போசிட்) தான். விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லிலும் அதற்குப் பாகம் செய்யும் நிறுவனங்களிலும் கூட்டுப்பொருள் வேலை உண்டு. பத்தாவது முடித்தவர்கள் 1968-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிபெட்டின் டிப்ளமோக்களைப் பாருங்கள். மைசூரிலும் அதன் மையம் இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள்.