அளவைக் கருவிகளில் நுண்ணலைத் திறன்பெருக்கி

ஆய்வகத்தில் நுண்ணலைச் சைகையை உண்டாக்கும் கருவி பெரும்பாலும் 10 மில்லிவாட் அளவிலேயே திறன் அளிக்கும். ஆன்டெனா ஒன்றைத் தொலைவில் நிறுத்திச் சோதிப்பதற்கும், மின் சாதனம் ஒன்று வலிய அலைப்புலத்தில் பிழையின்றி இயங்குமா எனக் காண்பதற்கும் இது போதாது. 30 டெசிபெல் பெருக்கமுள்ள பெருக்கியை இடையில் இணைப்பின், 10 மில்லிவாட் 10 வாட்டாக உயர்கிறது.

சாதாரண வால்வு இங்கே பயன்படாது. எலெக்ட்ரான் கத்தோடிலிருந்து ஆனோடைச் சென்றடைவதற்குள் அலையின் திசையே மாறிவிடுகின்றது. இத்தொல்லையை நீக்கிய நகரும் அலைக் குழலை, 1943ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ருடால்ஃப் காம்ப்னர் உருவாக்கினார். அவர் கட்டடக் கலை பயின்றவர் என்பது வியப்பிற்குரியது.

குழலின் தத்துவத்தைச் சற்று விரிவாகக் காண்போம். 2,500 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே எய்தும். அலையோ ஒளியின் வேகத்தில் விரைவது. ஆகவே அலையை நேர்வழியே விடாது, கம்பிச் சுருளின் வழியே சுற்றிச் செல்லுமாறு செய்கிறோம். ஒரு சுற்றிலுள்ள கம்பியின் நீளம், அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளியைப் போல் பத்து மடங்காயின், அச்சின் திசையில் அலையின் வேகமும் பத்தில் ஒரு பங்காகிறது. இப்பொழுது சுருளின் நடுவே பாயும் எலெக்ட்ரான் கற்றையும் அலையும் உடன் செல்கின்றன. அலையின் புலத்தால் எலெக்ட்ரான்கள் திரள் திரளாகக் கூடுகின்றன. கற்றையை அலையினும் சற்றே விரைவாகச் செலுத்தினால், அத்திரள்கள் தம் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை அலைக்கு அளிக்கின்றன. சைகை வளர்கிறது.

இன்று பல கருவிகளில் காலியம் நைட்ரைடு திரான்சிஸ்டர்கள் குழலின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் அளப்போர் செய்யும் தவறுகள் மாறவில்லை. 2 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் பெருக்கியில் 3 கிகாஹெர்ட்ஸ் சைகையை நிறைவெல்லை வரை பெருக்குவதாகக் கொள்வோம். 6 கிகாஹெர்ட்ஸில் அதன் இரண்டாம் இசைமம் தோன்றும். அதுவும் பெருக்கியின் எல்லைக்குள் அடங்குவதால் தடையின்றி வெளிவரும். திறன்மானி அதிர்வெண்களைப் பிரித்தறியாது. இசைமம் 10 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருப்பின், மானி 10 விழுக்காடு மிகுத்துக் காட்டும். பழி சோதிக்கப்படும் ஆன்டெனாவின் மேல் விழும். உள்ளீட்டைச் சில டெசிபெல் குறைத்தலும், 6 கிகாஹெர்ட்ஸைத் தடுக்கும் வடிப்பானைப் பெருக்கிக்குப் பின் இணைத்தலும் இதற்கு மாற்று.

திறன்மானியின் தெர்மிஸ்டர் தலை பொதுவாக 10 மில்லிவாட்டிற்கு மேல் தாங்காது. 30 டெசிபெல் தணிப்பான் அந்த எல்லையிலேயே நம்மை நிறுத்தும். 40 டெசிபெல் தணிப்பானைக் கொள்க. அது 10 வாட் வெப்பத்தைத் தாங்கவல்லதா என்பதையும் பார்க்க வேண்டும். சுமையை இணைத்த பின்னரே மின்னோட்டத்தைத் திறந்துவிடுக. பெருக்கி இயங்கும்போது திறந்த அலைவழியினுள் எக்காரணம் கொண்டும் கண்ணை வைத்துப் பார்த்தல் ஆகாது.