காவிரி நீலமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்துப் படித்துறையில் உட்கார்ந்து நீ வரைந்த ஆயில் பெயின்டிங்கைப் பார்த்தேன். மண்டபத்திலும் படிகளிலும் உன் கை நன்றாகத் தெரிகிறது. ஆறுதான் சரியாக வரவில்லை. அல்ட்ராமரினில் வெள்ளையைக் கலந்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாய். தண்ணீர் என்றால் நீலம் என்று சின்ன வயதிலேயே நம் எல்லோர் கையிலும் ஏறிவிட்ட பழக்கம் அது. உன் கையிலிருந்து அதை இறக்கிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காவிரி நீலமாக ஓடி நான் பார்த்ததில்லை. மேட்டூர் அணை திறந்து முதலில் வரும் தண்ணீர் மண் கலங்கி வரும். அதற்கு யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் வேண்டும். தை மாதத்தில் தெளிந்தபின் அதே இடத்தில் மெல்லிய பச்சை தெரியும். அப்படித் தெளிந்த ஒரு நாளில் கடைசிப் படியில் போய் உட்கார். காலடியில் பார்த்தால் தண்ணீருக்குள் படியும் பாசியும் தெரியும். பார்வையை மெதுவாக எதிர்க்கரைப் பக்கம் கொண்டு போ. பாதி ஆறு தாண்டும்போது அடி மறைந்து, வானம்தான் தெரியும். குனிந்து பார்க்கிற இடத்தில் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வருகிறது. தூரத்தில் மேலே பட்டதுமே தெறித்துவிடுகிறது. ஒரே ஆற்றில் பக்கத்துத் தண்ணீரும் தூரத்துத் தண்ணீரும் வேறு வேறு நிறம். இதைக் கண்டுகொண்டால் ஆறு தானாகவே கேன்வாஸில் படுத்துவிடும்.

பிம்பத்தையும் அப்படியே கவனி. எதிர்க்கரைத் தென்னையின் கரும்பச்சை தண்ணீரில் ஒரு படி வெளுத்துத் தெரியும், வெள்ளைச் சுவர் ஒரு படி மங்கும். நீ இரண்டையும் மேலே இருப்பது போலவே கீழேயும் போட்டிருக்கிறாய். அதனால்தான் அது கண்ணாடி மாதிரி இருக்கிறது, தண்ணீர் மாதிரி இல்லை.

காலை வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நமக்குக் காத்திருக்காது. உட்கார்ந்ததும் டர்பெண்டைன் கலந்த மெல்லிய அம்பரில் நிழல்களின் எல்லையைக் குறித்துவிடு. பிறகு வெயில் எவ்வளவு நகர்ந்தாலும் அதை மாற்றாதே. பிரான்சில் தோபின்யி என்ற ஓவியர் 1857-ல் ஒரு படகையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டு ஆறுகளை வரைந்தார். மோனேயும் பின்னால் அப்படியொரு படகு வைத்துக்கொண்டார். 1896, 97-ல் சேன் நதியின் காலைப்பொழுதுகளை வரைந்தபோது, வெளிச்சம் மாற மாற அவர் வேறு வேறு கேன்வாஸை எடுத்தார். எடுத்த கேன்வாஸில் பழைய வெளிச்சத்தைப் புது வெளிச்சத்துக்காக அழிக்கவில்லை.

குடையை மறக்காதே. கேன்வாஸில் நேர் வெயில் விழுந்தால் எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், கை தானாகவே இருட்டாகக் கலந்துவிடும். ஒரு சித்திரை முழுக்க நான் வெயிலில் வரைந்த ஏழு படங்களும் வீட்டுச் சுவரில் புகை பிடித்தவை போல இருந்தன. கலர் குடை வேண்டாம், அதன் சாயம் கேன்வாஸில் இறங்கும். கறுப்புக் குடை போதும்.

ஈரக் கேன்வாஸைப் பஸ்ஸில் கொண்டு போக ஒரு வழி சொல்கிறேன். ஒரே அளவில் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு கொடுத்துக் கட்டிவிடு, ஒன்றோடொன்று உரசாது. பிரஷ் கழுவிய டர்பெண்டைனைப் பாட்டிலில் மூடி வீட்டுக்கு எடுத்துப் போ. ஆற்றில் ஒரு சொட்டும் விழக் கூடாது. அடுத்த படியில் யாரோ குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மே மாதத்தில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது. தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்காதே. மணலில் வெளுப்பு, சாம்பல், மாலையில் இளஞ்சிவப்பு என்று எத்தனையோ நிறம் இருக்கிறது. தண்ணீர் வந்து மூடுவதற்குள் ஒருமுறை அதை வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்