துளையும் தெளிவும்

கிழக்குக் கிட்வாய் நகரில் தரியா கான் கல்லறை இருக்கிறது. லோதி மன்னர் காலத்துக் கட்டடம். அதைச் சூழ்ந்திருந்த பழைய அரசுக் குடியிருப்புகளுள் ஒன்றிலேதான் என் சிறுபருவம் கழிந்தது. அவ்வீடுகள் இடிக்கப்பட்டு, இன்று அவ்விடத்தில் வானளாவும் மாடிகள் நிற்கின்றன. எங்கள் வீடிருந்த திசையைச் சுட்ட மிஞ்சியது கல்லறை ஒன்றே. ஆகவே அருகிலுள்ள கல்தூணும் தொலைவிலுள்ள மாடிகளும் ஒரே படத்தில் தெளிவாக விழவேண்டும் என்பது என் விருப்பம்.

இத்தகைய படத்திற்கு நண்பர் பலர் காமிராவில் 22 என்ற எண்ணை வைத்துவிடுகின்றனர். அது சரிதானா என்று பார்ப்போம்.

வில்லையின் குவியத் தூரத்தைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் வருவதே அவ்வெண். 18 மில்லிமீட்டர் வில்லையில் 8 என்றால் துளை 2.25 மில்லிமீட்டர்; 22 என்றால் 0.8 மில்லிமீட்டர்தான். எண் பெருகத் துளை சிறுக்கும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் துளையின் பரப்புப் பாதியாகிறது. புகும் ஒளியும் பாதியே. மாலையில் 8க்கு 1/125 வினாடி போதுமென்றால், 22க்கு 1/15 வினாடி வேண்டும். அதுவரை கை அசையாதிருக்குமா?

சிறு துளையில் ஏன் தெளிவு கூடுகிறது? ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, துளையை அடியாகக் கொண்ட கூம்பு போலக் குவிகிறது. குவியம் தகட்டில் விழாவிட்டால் புள்ளி வட்டமாகிறது. கூம்பு ஒடுங்கினால் வட்டமும் ஒடுங்கும். ஹம்பி விரூபாட்சர் கோயிலில் ஒரு சிறு துளையே, வில்லை ஏதுமின்றி, கோபுரத்தைத் தலைகீழாகச் சுவரில் காட்டுகிறதன்றோ!

ஆயினும் ஒளி அலையாயிற்றே. ஒடுங்கிய துளையில் அது விளிம்பு விளைவால் பரவுகிறது. பரவிய வட்டத்தின் குறுக்களவு 2.44 × அலைநீளம் × துளை எண். பச்சை ஒளிக்கு 8இல் ஏறத்தாழ 11 மைக்ரான். 22இல் 30 மைக்ரான். நடுத்தரச் சென்சார் உடைய காமிராவில் 20 மைக்ரான் வரை கண் பொறுக்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆக, 22இல் எங்கும் கூர்மை குறைகிறது. பாவம், பழியெல்லாம் டில்லிப் பனிமூட்டத்தின் தலையில் விழுகிறது! (அதற்கும் பங்குண்டு, தொலைவிலுள்ள மாடிகளை மங்கச் செய்வது அதுவே. அதற்கு எந்தத் துளையாலும் மருந்தில்லை.)

நான் கையாளும் முறை இது. காமிராத் திருகியை ‘ஏ’ என்ற குறிக்குத் திருப்புகிறேன். கேனான் கருவிகளில் அது ‘ஏவி’. வில்லை 18 மில்லிமீட்டர், எண் 8. ஆனால் குவியத்தை மாடிகளின் மேல் வைப்பதில்லை. குவியத் தூரத்தின் வர்க்கத்தை, எண்ணையும் 0.02 மில்லிமீட்டரையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வருகிறது. அத்தொலைவில் குவித்தால் 1 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தெளிவு கிடைக்கும். தூணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 2 மீட்டரில் உள்ள ஒரு தளக்கல்லில் குவித்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டுப் பிறகே காமிராவை மாடிகளின் பக்கம் நிமிர்த்துகிறேன்.