கோழியின் தொண்டையை முதலில் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். மூச்சை இழுக்கும்போது கர்கர் என்கிறது, நடுநடுவே தும்மலும் வருகிறது. கடையில் ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள், தண்ணீரில் கலக்கட்டுமா அத்தை என்று கேட்டிருக்கிறாய். இன்று கலக்காதே. அந்தக் கோழியை மட்டும் பிரித்து, மற்றவை அண்டாத இடத்தில் தனிப் பஞ்சாரத்தில் போடு. பொழுது சாய்ந்ததும் நான் கீழே எழுதியிருப்பதைச் செய்து பார். மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

நம் ஊர்களில் கோழிக்கு மூக்கு ஒழுகினால் சளி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சளி, தொண்டையில் மஞ்சளாகப் படை கட்டினாலும் சளிதான். எல்லாவற்றுக்கும் ஒரே பொட்டலம். அரசு கால்நடை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கண்டு வருத்தப்பட்டிருக்கிறேன். மருந்தே கொடுக்காமல் செத்த கோழிகளைவிட, வேறு ஏதோ நோய்க்கான மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததால் செத்த கோழிகளைத்தான் அதிகம் கொண்டுவருவார்கள்.

முதலில் அதன் உடம்பைத் தெரிந்துகொள். நமக்கு இருப்பதுபோல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நுரையீரல் சிறியது, விலா எலும்போடு ஒட்டிக்கிடக்கும், உப்பிச் சுருங்காது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும். அந்தக் காற்றை வாங்கித் தள்ளுவதற்கு உடம்பு முழுக்க 9 காற்றுப் பைகள் இருக்கின்றன. இதில் உனக்கு இரண்டு பாடம் இருக்கிறது. மூச்சுத் திணறும் கோழியின் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் உன் கையிலேயே போய்விடும். மல்லாத்திப் போடுவதும் ஆபத்து. அடுத்தது, காற்றுப் பைகளில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அங்கே நோய் ஊன்றிவிட்டால் எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் இன்று இரவே பார் என்கிறேன்.

கோழிகள் அடைந்து, சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு கூட்டருகே போய்க் காதைக் கொடுத்து நில். பகலில் கொக்கரிப்பிலும் கிளறலிலும் மறைந்துபோகிற கரகரப்பு இரவில் தெளிவாகக் கேட்கும். ஒரு கோழியா, ஐந்தாறு கோழிகளா என்பது அப்போதுதான் தெரியும். அந்த எண்ணிக்கையே பாதி விடையைச் சொல்லிவிடும். பிறகு சீக்குக் கோழியைப் பழைய துண்டால் இறக்கையோடு தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள். தொட்டதும் உடம்பு கொதிக்கிறதே என்று பதறாதே. நல்ல கோழிக்கே உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். கண்ணில் நுரை இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா பார். மூக்குத் துளையை லேசாக அழுத்தினால் தண்ணீர் வருகிறதா, கெட்டியாக வருகிறதா பார். மூக்கருகே முகர்ந்தும் பார். கூச்சப்படாதே, மூக்கைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. இன்னொருவரை டார்ச் பிடிக்கச் சொல்லி அலகைத் திற. மேல் அண்ணத்தில் நீளமாக ஒரு பிளவு இருக்கும், அது இயல்பானது. நாக்கின் பின்னால், அதன் வேர்ப்பக்கத்தில், மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும் சிறு வாய் ஒன்று தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று நன்றாகப் பார்த்து எனக்கு எழுது.

அங்கே மஞ்சளாக, தயிர் உறைந்ததுபோல் படை ஒட்டியிருந்தால் அம்மையாக இருக்கலாம். கொண்டையிலும் தாடியிலும் கறுப்புப் பொருக்கு வருகிற அம்மையை எல்லோருக்கும் தெரியும். அதே நோய் வாய்க்குள்ளும் வரும். வெளியே ஒரு பொருக்குகூட இல்லாமல் தொண்டையில் மட்டும் வந்து மூச்சை அடைப்பதும் உண்டு. பெரும்பாலும் கொசுதான் பரப்புகிறது. அந்தப் படையைப் பிய்த்தெடுக்கச் சொல்வார்கள், செய்யாதே. அடியில் ரத்தம் கசியும், அந்த ரத்தமே குழலுக்குள் இறங்கிவிடும். மூச்சு வாசலை அடைத்தால் மட்டும் மருத்துவர் எடுப்பார். இது வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. புண்ணில் வேறு கிருமி சேராமல் தடுக்கத்தான் அது பயன்படும். புறாக்கள் வந்து அதே தண்ணீரைக் குடிக்கிற வீடு என்றால், புறாவிடமிருந்து ஒட்டுகிற இன்னொரு கிருமியும் வாயில் இதேபோல் மஞ்சள் கட்டியை உண்டாக்கும். படைக்குப் பதிலாகக் குருணை அளவில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள் தெரிந்தால் வைட்டமின் ஏ குறைவு என்று நினை. அரிசியும் சோறும் மட்டுமே போட்டு அடைத்து வளர்க்கும் வீடுகளில் அதைப் பார்க்கலாம். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் தீனியில் சேரட்டும். உன் கோழிகள் மேய்வதால் உனக்கு அந்தக் கவலை குறைவு.

வாய் சுத்தமாக இருந்து, கண்ணில் நுரையும் மூக்கில் நீரும் இரவில் கரகரப்புமாக, தீனி எடுத்துக்கொண்டே நாள் கணக்கில் இழுத்தால், அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோய். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அதிகம். உன் பதிவைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான், ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் குலைத்துத்தான் கொல்கின்றன; அவற்றை இதற்குக் கொடுத்தால் சுவரே இல்லாத வீட்டில் சுவரை இடிக்கப் போன கதைதான். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். டைலோசின், டாக்ஸிசைக்ளின் போன்றவை வேலை செய்யும். எத்தனை கிராம், எத்தனை நாள் என்பதை உங்கள் மருந்தகத்து மருத்துவர் எழுதட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: இந்த நோயிலிருந்து தேறிய கோழியின் உடம்பில் கிருமி தங்கிவிடும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். தேறிய பேட்டின் முட்டையைச் சமைக்கலாம், அடைக்கு வைக்காதே.

ஓரிரு நாளில் பல கோழிகளுக்கு முகம் வீங்கி, கண் மூடி, மூக்கிலிருந்து குடலைப் புரட்டும் நாற்றம் வந்தால் அது வேறு, கொரைசா என்போம். அதற்கு சல்ஃபா வகை மருந்து கேட்கும். தலையை உதறி உதறி வாயைப் பிளக்கும் குஞ்சுகளுக்குக் குழலில் சிவப்புப் புழு இருக்கலாம், மழைக்குப் பின் மண்புழுவும் நத்தையும் தின்பதால் வருவது. அதற்குக் குடற்புழு மருந்தே போதும். ஈர உமி பூசணம் பிடித்திருந்தால் குஞ்சுகள் சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கிச் சாகும். அந்தப் பூசணத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய மருத்துவம் இல்லை, உமியை மாற்றுவதுதான் வழி. எச்சத்தின் நெடியும் தொண்டையைக் கெடுக்கும்; கூட்டுக்குள் குனிந்து கோழி உயரத்தில் மூச்சை இழுத்துப் பார். உன் கண் எரிந்தால் அதன் தொண்டையும் எரிகிறது. சித்திரை வெயிலில் இறக்கையை அகட்டி வாய் திறந்து நிற்பது நோயே அல்ல. கோழிக்கு வியர்க்காது, அப்படித்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்ததும் அடங்கினால் விட்டுவிடு.

இனி நான் பயப்படும் நோய்க்கு வருகிறேன். மூச்சு இழுப்போடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஓரமாகக் கூம்பி நின்று, சில நாளில் கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்ட அதே நோய்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டதால் நம் நாட்டில் ராணிக்கெட் என்கிறோம். தடுப்பூசி போடாத கூட்டில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுகூடப் போகும். வந்த பிறகு மருந்தில்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் அரைத்து உருண்டை கொடுக்கும் பழக்கத்தை நான் பழிக்க மாட்டேன். இரை எடுக்காத கோழிக்கு அது கொஞ்சம் தெம்பு தரலாம். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இவ்வளவு மலிவாகத் தடுக்கக்கூடிய சாவு இது.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்தில் இன்னொரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. அந்த ஊசி வீரியமானது, சிறு குஞ்சுக்குப் போடக் கூடாது. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் மாநிலத்துக்கு இந்த மருந்தைத் தயாரித்துத் தருகிறது. பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி ஊர் ஊராக இலவசமாகப் போடுகிறார்கள். உயிருள்ள வைரஸால் ஆனது என்பதால் பனிக்கட்டியோடு எடுத்துவா, கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடு, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலக்காதே. கோழிகள் நன்றாக இருக்கும்போதுதான் போட வேண்டும். சீக்கு வந்த கூட்டுக்கு ஓடிப்போய்ப் போடுவதில் பயனில்லை. அம்மைக்கும் தனியாகத் தடுப்பூசி இருக்கிறது, கேட்டு வாங்கு.

மருந்து கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மருந்தே கோழியைக் கொல்லும் இடம் இது. தலையைத் தூக்கிப் பிடித்துக் கடகடவென்று வாயில் ஊற்றாதே. நாக்கின் பின்னால் பார்த்தாயே ஒரு வாசல், அதற்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கிய பின் அடுத்த சொட்டை விடு. எண்ணெய், மண்ணெண்ணெய், தைலம் எதுவும் அலகுக்குள் போகக் கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் மீளாது. தண்ணீரில் கலக்கும் மருந்தென்றால் அந்த நாளில் வேறு தண்ணீரே இருக்கக் கூடாது, சாக்கடைக் குட்டைகூட. தண்ணீர் குடிக்காமல் படுத்துவிட்ட கோழிக்குத் தண்ணீர் மருந்து சேராது, அதற்கு ஊசிதான். இரண்டு நாளில் தேறிவிட்டதென்று நிறுத்தாதே, எழுதிக் கொடுத்த நாள் முழுக்கக் கொடு. மருந்து கொடுக்கும் நாட்களிலும், உறையில் போட்டிருக்கும் விலக்கு நாட்களிலும் முட்டையையோ கறியையோ வீட்டிலும் சமைக்காதே, விற்கவும் விற்காதே. கொலிஸ்டின் என்ற பெயர் உறையில் இருந்தால் வாங்காதே. மனிதர்களுக்குக் கடைசிக் கையாக வைத்திருக்கும் மருந்து அது. 2019-ல் இந்திய அரசு அதை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்திருக்கிறது. உன் கையிலிருக்கும் பொடியின் உறையைப் படம் எடுத்து அனுப்பு.

மருந்தைவிடப் பராமரிப்பு பெரிது. பனியும் நேர்க்காற்றும் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடம், உலர்ந்த உமி, வெதுவெதுப்பான தண்ணீர், குழைத்த கம்பங்கூழ். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் சீக்குக் கோழியிடம் போ, கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவு. வெள்ளைக்கழிச்சல் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும், அதனால் கண்ணைக் கசக்காதே. போன மாதம் சந்தையில் ஒரு சேவல் வாங்கி அன்றே கூட்டில் விட்டதாகச் சொன்னாய். புதிதாக வருவது எதுவானாலும் மூன்று வாரம் தனியே இருக்கட்டும்.

ஒரே நாளில் நாலைந்து கோழிகள் திடீரென்று செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்து தலை வீங்கினாலோ, அறுத்துப் பார்க்காதே, தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கும் ஓடாதே. பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதன்முதலாக வந்த பிறகு இந்தியாவில் அது பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது. 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய், அவர்கள் வரும்வரை கூட்டிலிருந்து எதையும் வெளியே எடுக்காதே. அப்படி இல்லாமல் ஒன்று மட்டும் செத்தால், உறைய வைக்காமல் பனிக்கட்டியில் சுற்றி அன்றே மருத்துவரிடம் எடுத்துப் போ. பிரேதப் பரிசோதனை ஒன்று, மற்ற கோழிகளைக் காப்பாற்றும் விடையைத் தரும். முடிந்ததும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. வாய்க்காலில் வீசாதே, நாய் இழுத்து ஊரெல்லாம் பரப்பும்.

இன்னொன்று இருக்கிறது, மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். ஒரு கோழி சுணங்கியதும் மிச்சத்தை உடனே விற்றுக் காசாக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நல்லவர்களே சொல்வார்கள், நஷ்டத்துக்குப் பயந்து. நம் மாவட்டங்களில் நோய் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் அந்த வாரச்சந்தைக் கூடைகளில்தான். உன்னிடம் வாங்குகிறவளும் உன்னைப்போல் நாலு கோழி வைத்துப் பிழைக்கிறவள். கூட்டில் சத்தம் அடங்கி மூன்று வாரம் ஆகும்வரை ஒரு குஞ்சைக்கூட, ஒரு அடைமுட்டையைக்கூட யாருக்கும் கொடுக்காதே, கண்ணு.

இன்று இரவு பார்த்ததை நாளைக் காலையில் எழுது.

அன்புடன்,
அத்தை