ஓய்வுக் காலத்து ஈகை

பத்மநாபபுரம் அரண்மனையிலே ஆயிரவர் அமர்ந்துண்ணத்தக்க ஊட்டுப்புரை உண்டு. அன்னமிட்டவர் மன்னர். ஆதலின் கொடை செல்வர்க்கே உரியது எனச் சிலர் எண்ணுவர். அது தவறென்பதைக் காட்டியவர் ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரி நூலகர் பாலம் கலியாணசுந்தரம். சம்பளத்தை எளியோர்க்கு அளித்து, வேறு சிறு பணிகள் செய்து தம் வயிறு காத்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையையும் ஈந்தார். கொடுப்போரையும் பெறுவோரையும் இணைக்கப் 'பாலம்' அமைப்பைத் தொடங்கினார். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அனைத்தையும் ஈவது யாவர்க்கும் இயலுமோ? குடும்பமுடையார்க்கு இயலாது. இருப்பு முழுவதையும் ஈந்துவிட்டு மருந்துக்குப் பிறர் கையை நோக்குவது மக்கள்மீது சுமையேற்றுவதாகும். ஆதலின் உணவு, மருந்து, கடன் ஆகியவற்றிற்கு முதலில் ஒதுக்குக. எஞ்சியதில் சிறு தொகையேனும் திங்கள்தோறும் தவறாது ஈக.

பொருளில்லார்க்கும் ஈவதற்கு உண்டு. கண் மங்கிய நெசவாளர் பாவு நுட்பத்தை இளைஞர்க்குக் கற்பிக்கலாம். முதிய உழவர் குளத்து மடை காக்கும் முறையை உணர்த்தலாம். கணக்கறிந்தவர் சங்கத்தின் ஆண்டறிக்கையை அங்கத்தினர்க்கு விளக்கலாம். 1995இல் மான்செஸ்டரில் உலகக் கூட்டுறவாளர் ஏற்ற ஏழு கொள்கைகளுள் இறுதியானது சமுதாயத்தின்பால் அக்கறை. அதனை நிறைவேற்ற, ஓய்வு பெற்ற அங்கத்தினரைவிட அதிக நேரமும் அனுபவமும் உடையார் எவர்?